வயிற்றில் ஒட்டும் பேட்ச்: கர்ப்பப்பையின் மின்துடிப்பைப் பதிவு செய்துகொண்டவர்கள் அனுபவம் சொல்லுங்களேன்

இரண்டாம்_சுற்று:

முதல் பிரசவத்தில் எனக்குப் போட்டது பெல்ட். வயிற்றைச் சுற்றி இரண்டு பட்டைகள்: ஒன்று குழந்தையின் இதயத்துடிப்புக்கு, இன்னொன்று வலிக்கு. கொஞ்சம் புரண்டு படுத்தாலும் பட்டை நழுவிவிடும், கிராஃப் தட்டையாகிவிடும். உயிர் போகிற வலியில் நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்க, என் கணவர் திரையைப் பார்த்து, "இப்போ ஒண்ணும் இல்ல போலயே" என்றார். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இரண்டாவது பிரசவத்தில் பெல்ட்டுக்குப் பதிலாகப் பேட்ச் போட்டார்கள். ஒரே ஸ்டிக்கரில் ஐந்து இடங்களில் எலக்ட்ரோடு. ஒட்டுவதற்கு முன்னால் சொரசொரப்பான ஒரு சின்னப் பட்டையால் அந்த ஐந்து இடங்களையும் நர்ஸ் நன்றாகத் தேய்த்தார். தோல் லேசாகச் சிவந்தது, எரிச்சல் பெரிதாக இல்லை. அப்புறம் ஸ்டிக்கர், அதன் மேல் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு பெட்டி. ஒயர் கிடையாது. வராந்தாவில் நடந்தேன், பந்தின் மேல் உட்கார்ந்து ஆடினேன், பதிவு நிற்கவில்லை. வலி ஏறுவதற்குச் சற்று முன்பே கோடு மேலே கிளம்புவதைப் பார்த்து, மூச்சை இழுத்துவிடத் தயாராக முடிந்தது. அது ஒன்றுக்கே அந்தப் பேட்சுக்குக் கும்பிடு போடலாம்.

ஒன்று மட்டும் புரியவில்லை. சில நேரம் திரையில் பெரிய மலை எழும்பும், எனக்கு வயிறு லேசாக இறுகியது மட்டும்தான் தெரியும். பல்லைக் கடிக்க வைத்த வலிக்குச் சின்ன மேடுதான் வந்தது. ஏன் இப்படி? உங்களுக்கும் இப்படித்தான் இருந்ததா?

லேபர்வார்டு_அக்கா:

நான் இந்த வேலையில் இருப்பவள், சொல்கிறேன். கோட்டின் உயரத்தை வலியின் அளவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பேட்சுக்கும் சரி, பெல்ட்டுக்கும் சரி, இது பொருந்தும்.

வலிக்கான பெல்ட்டில் இருப்பது அழுத்தத்தை உணரும் ஒரு பொத்தான், அவ்வளவுதான். வயிறு இறுகி வெளியே தள்ளும்போது அது அமுங்கும். இறுக்கிக் கட்டினால் மலை பெரிதாகும், தளர்த்திக் கட்டினால் சிறுத்துப் போகும். இருமினாலும் ஒரு மலை வரும். சதைப்பிடிப்பான உடம்பு என்றால் பல சுருக்கங்கள் பதிவாகாமலே போய்விடும்.

பேட்ச் வேறு விதம். கர்ப்பப்பை தசைதானே, சுருங்குவதற்கு முன்னால் தசை செல்களில் மின்மாற்றம் நடக்கும். தோலுக்கு வந்து சேரும்போது அது மைக்ரோவோல்ட் கணக்கில்தான் இருக்கும். அதைப் பிடித்து, நமக்குப் பழகிய மலை வடிவத்துக்கு மாற்றித் திரையில் காட்டுகிறது மெஷின். எலக்ட்ரோடு எங்கே இருக்கிறது, அதற்கும் தசைக்கும் நடுவில் எவ்வளவு கொழுப்பு, தோலை எவ்வளவு நன்றாகத் தேய்த்தார்கள் என்பதைப் பொறுத்து உயரம் மாறும். எத்தனை சுருக்கம், எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது, இதையெல்லாம் நம்பலாம். பலம் எவ்வளவு என்று அதனிடம் கேட்கக் கூடாது.

பலம் தெரிய எங்களுக்குப் பழைய வழிதான்: கையை வயிற்றின் மேல்பகுதியில் வைத்துப் பார்ப்பது. மூக்கு நுனியைப் போல அமுங்கினால் லேசான சுருக்கம், தாடை மாதிரி இருந்தால் நடுத்தரம், நெற்றியைத் தொட்ட மாதிரி கல்லாக இருந்தால் பலமான சுருக்கம். படிக்க வருகிற பிள்ளைகள் திரையைப் பார்த்தே எழுதிக்கொண்டு போவார்கள். முதலில் கையை வைக்கச் சொல்லுவேன்.

வலியைத் தூண்டும் மருந்து டிரிப்பில் ஓடும்போது பேட்ச் உண்மையிலேயே கை கொடுக்கிறது. பத்து நிமிஷத்துக்கு ஐந்துக்கு மேல் சுருக்கம், அதுவும் அரை மணி நேரச் சராசரியில் அப்படி வந்தால் அது அதிகம். நடுவில் இளைப்பாற நேரமில்லாமல் குழந்தைக்கு ரத்த ஓட்டம் குறையும், டிரிப்பைக் குறைக்க வேண்டும். பெல்ட் பாதியை விட்டுவிட்டால் அந்தக் கணக்கே தப்பாகிவிடும்.

இன்னொரு நன்மையும் உண்டு. குழந்தையின் துடிப்புக்கான பெல்ட்டின் ஒலி அலை சில நேரம் தாயின் நாடியைப் பிடித்துக்கொண்டு அதையே குழந்தையின் துடிப்பாகக் காட்டிவிடும். பேட்ச் தாயின் ஈசிஜி, குழந்தையின் ஈசிஜி இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து எடுக்கிறது. என்னைக் கேட்டால் சுருக்கத்தை எண்ணுவதைவிட இதுதான் பெரிய லாபம்.

புது_வரவு_காத்திருப்பு:

அக்கா, ஒரு சந்தேகம். எலக்ட்ரோடு என்றால் கரண்ட் ஏதாவது உள்ளே போகுமா? மாமியார் கேட்டதிலிருந்து எனக்கும் பயமாக இருக்கிறது.

லேபர்வார்டு_அக்கா:

எதுவும் உள்ளே போகாது கண்ணு. உடம்பிலிருந்து வருவதைக் கேட்பது மட்டும்தான் அதன் வேலை. ஈசிஜி எடுக்கும்போது நெஞ்சில் ஒட்டுவார்களே, அதே சங்கதி. வயிற்றில் எண்ணெய், லோஷன் எதுவும் தடவாமல் போங்கள், அது போதும்.

ஏழாம்மாத_கலக்கம்:

என்னுடையது பிரசவ நேர அனுபவம் இல்லை. ஏழாம் மாதம் முடிகிற சமயத்தில் வயிறு அடிக்கடி இறுகத் தொடங்கியது. பொய் வலியா, நிஜமா என்று தெரியாமல் ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே ஒரு ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது, கலந்துகொள்ள விருப்பமா என்று கேட்டார்கள். சரி என்றேன்.

தொப்புளைச் சுற்றி நான்கு எலக்ட்ரோடுகள், இடுப்புப் பக்கம் ஒன்று. அரை மணி நேரம் ஆடாமல் படுத்திருக்க வேண்டும், பேசக் கூடாது. ஏழாம் மாத வயிற்றோடு அசையாமல் படுத்துப் பாருங்கள், தெரியும். மூக்கு அரித்தது. குழந்தை வேறு உதைத்துக்கொண்டே இருந்தது, ஒவ்வொரு உதைக்கும் திரையில் கோடு குதித்தது. பதிவு எடுத்த பெண் ஒவ்வொன்றுக்கும் பேனாவால் நேரத்தைக் குறித்துக்கொண்டார். முடிந்ததும், "சொல்லுங்க, எனக்குச் சீக்கிரம் பொறந்துடுமா?" என்று கேட்டேன். "இதை வைத்து அதைச் சொல்ல முடியாதுங்க, இது ஆராய்ச்சிக்கு மட்டும்தான்" என்றார். அப்போது கோபமாக வந்தது. இவ்வளவையும் ஒட்டி, படுக்க வைத்து, கடைசியில் இதுதானா பதில்?

டாக்டர் முடிவெடுத்தது ஸ்கேனில் கருப்பை வாயின் நீளத்தை அளந்துதான். அது நன்றாக நீளமாக இருந்தது, வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இப்படி வலி என்று வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அந்த வாரத்தில் பிரசவம் ஆவதில்லை என்றும் சொன்னார். என் பையன் நாள் நிறைந்துதான் பிறந்தான்.

சிக்னல்_பைத்தியம்:

மேலே சொன்ன சகோதரிக்கு: அந்தப் பெண் சொன்னது நேர்மையான பதில். நான் மருத்துவத் துறை இல்லை, இந்தப் பதிவுகளைக் கணினியில் அலசுகிறவன். திரைக்கு அந்தப் பக்கத்தில் நடப்பதைச் சொல்கிறேன்.

ஸ்லோவேனியாவின் லுப்லியானாவில் 1997 முதல் 2005 வரை எடுத்த 300 பதிவுகள் ஃபிசியோநெட் தளத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. நீங்கள் சொன்ன அதே அமைப்புதான்: தொப்புளைச் சுற்றி 7 சென்டிமீட்டர் இடைவெளியில் நான்கு எலக்ட்ரோடுகள், அரை மணி நேரம். நொடிக்கு 20 முறை மட்டும்தான் அளவெடுப்பு. ஈசிஜி பார்த்துப் பழகியவர்களுக்கு இது ரொம்பக் குறைவாகத் தெரியும், ஆனால் கர்ப்பப்பை அவசரப்படாது, அதன் அலைகள் பெரும்பாலும் 1 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு ஓர் அலைக்கு, கீழேதான். தொல்லை என்னவென்றால், மூச்சு ஒரு பக்கம், தாயின் இதயம் மறுபக்கம். நடுவில் சுமார் 0.3 முதல் 1 ஹெர்ட்ஸ் வரையிலான இடுக்கில்தான் நாம் தேட வேண்டும். குழந்தை உதைத்தால் அதிலும் மண்.

அந்த 300இல் நாள் நிறைந்து பிறந்தவை 262, குறைமாதம் 38. கண்ணை மூடிக்கொண்டு "எல்லாமே நிறைமாதம்" என்று சொல்கிற கணினி நிரல்கூட 87 சதவீதம் சரி என்று மார்தட்டலாம். இந்த ஏற்றத்தாழ்வைச் சமாளிக்க, இருக்கிற குறைமாதப் பதிவுகளை வைத்து அதே சாயலில் செயற்கையாகப் புதிய பதிவுகளை உண்டாக்குவார்கள். பதிவுகளை நிரலின் பயிற்சிக்கு, சோதனைக்கு என்று பிரித்த பிறகுதான் அதைச் செய்ய வேண்டும். பல ஆய்வுகளில் பிரிப்பதற்கு முன்பே செய்துவிட்டார்கள். அப்போது சோதனைத் தாளின் விடை பயிற்சியிலேயே கசிந்துவிடும், மதிப்பெண் கிட்டத்தட்ட நூறு வரும். 2021இல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகக் குழுவினர் இதை அம்பலப்படுத்தினார்கள். முறையாகப் பிரித்துச் செய்து பார்த்தால் அந்த நூறு எங்கேயோ போய்விட்டது.

"ஏஐ குறைமாதப் பிரசவத்தை 99 சதவீதம் துல்லியமாகக் கணிக்கிறது" என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால், எந்தப் பதிவுகளை வைத்து என்று கேளுங்கள்.

பேட்ச்_ஒத்துவரல:

எல்லோரும் பாராட்டுகிறீர்கள், எனக்கு அது வேலைக்கு ஆகவில்லை. நல்ல வியர்வை, இரண்டு மணி நேரத்திலேயே ஓரம் கிளம்பிவிட்டது. மறுபடி தேய்த்து, மறுபடி ஒட்டி, தோல் புண்ணானதுதான் மிச்சம். பெல்ட்டுக்கு மாறினோம், அதிலும் சரியாக விழவில்லை. பனிக்குடம் ஏற்கனவே உடைந்திருந்ததால், டிரிப் ஏற்றும்போது உள்ளே ஒரு மெல்லிய குழாயை விட்டு அழுத்தத்தை அளந்தார்கள். வைக்கும்போது சுகமாக இல்லைதான், வைத்த பிறகு மறந்துவிட்டேன்.

அதில் வருவதுதான் நிஜமான எண். பத்து நிமிஷத்தில் வந்த ஒவ்வொரு சுருக்கத்துக்கும் உச்சியிலிருந்து அடிமட்டத்தைக் கழித்துக் கூட்டுகிறார்கள். ஒவ்வொன்றும் 50 என்று நான்கு வந்தால் 200. அந்த 200ஐத் தாண்டினால் சுருக்கம் போதும் என்று கணக்காம். அதற்கு மான்டிவீடியோ யூனிட் என்று பெயர். உருகுவே நாட்டுத் தலைநகரின் பெயர் என் கேஸ் ஷீட்டில் எப்படி வந்தது என்று அந்த நிலையிலும் யோசித்தேன்.

என் தங்கைக்கு இரட்டைக் குழந்தை. அவளுக்குப் பேட்ச் பேச்சே எடுக்கவில்லை, அது ஒற்றைக் குழந்தைக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

ஓபி_டாக்டரம்மா:

மான்டிவீடியோவில்தான் கால்தேய்ரோ பார்சியா, ஆல்வரெஸ் என்ற இருவரும் 1950 வாக்கில் கர்ப்பப்பையின் அழுத்தத்தை முறையாக அளந்தார்கள். அப்போது வயிற்றின் வழியாகவே ஊசி செலுத்திப் பனிக்குட நீரில் குழாய் வைத்தார்கள். உங்களுக்கு வைத்தது எவ்வளவோ தேவலை.

மின்பதிவு அதற்கும் மூத்தது. ஜெர்மனியில் போடெ என்பவர் 1931லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். அப்புறமும் ஏன் வார்டுக்கு வர இத்தனை காலம் என்றால், சிக்னல்_பைத்தியம் சொன்ன அந்த இடுக்கில் தேடக் கணினி வேண்டியிருந்தது.

உடம்புக்குள் நடப்பது எனக்கு இன்னும் அலுக்காத விஷயம். இதயத்தில் இருப்பதுபோல இங்கே தாளத்தைத் தொடங்கி வைக்க நிலையான ஓரிடம் கிடையாது. கர்ப்பகாலம் முழுவதும் தசை செல்கள் பெரும்பாலும் தனித்தனியாகவே இருக்கும், ஓரிடத்தில் எழும் மின்துடிப்பு தூரம் போகாமல் அடங்கிவிடும். பிரசவம் நெருங்கும்போது செல்களுக்கு நடுவே இணைப்பு வாயில்கள் பெருகுகின்றன. கார்ஃபீல்டு என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் 1977இல் காட்டியது இதைத்தான். அதற்கப்புறம் ஒரு மூலையில் எழுந்தது கர்ப்பப்பை முழுக்கப் பரவும், வலி ஒழுங்குக்கு வரும். ஏழாம் மாதத்தில் வயிறு இறுகியும் ஒன்றும் ஆகாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தப் பரவலை நேரடியாகப் பார்க்கும் முயற்சிகள் நடக்கின்றன. அமெரிக்காவின் லிட்டில் ராக்கில் 151 உணரிகள் உள்ள காந்தப் பதிவுக் கருவியை அமைத்தார்கள், கர்ப்பிணி அதன் மேல் சாய்ந்து உட்கார்ந்தால் போதும். செயின்ட் லூயிஸில் எம்ஆர்ஐ படத்தோடு ஏராளமான எலக்ட்ரோடுகளைச் சேர்த்து, சுருக்கம் எங்கே தொடங்கி எப்படிப் போகிறது என்று முப்பரிமாணத்தில் வரைந்தார்கள், 2023இல் வெளிவந்தது. வார்டுக்கு வர நாளாகும்.

என் அனுபவத்தில் பேட்ச் அதிகம் உதவியது உடல் பருமன் உள்ள தாய்மாருக்கு. பெல்ட்டில் வெறும் கோடாக இருந்தவர்களுக்குச் சுருக்கங்கள் தெளிவாக வந்தன. சிக்கலும் உண்டு: பெல்ட்டைவிட அதிகமாக எண்ணும், சின்னச் சின்ன இறுக்கத்தையும் விடாது. அதைப் பார்த்துப் பதறி டிரிப்பை நிறுத்திய ஜூனியர்களைப் பார்த்திருக்கிறேன். குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறதா, கை வைத்தால் நடுவில் வயிறு தளர்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையை டிரிப் பக்கம் கொண்டுபோக வேண்டும்.

இரண்டாம்_சுற்று:

டாக்டரம்மாவுக்கும் அக்காவுக்கும் நன்றி. மலையும் மேடும் ஏன் மாறிமாறி வந்தன என்று இப்போது புரிகிறது. கணவரிடம் அக்கா பதிலை வாசித்துக் காட்டினேன், "அப்போ தப்பு மெஷின் மேலதானே" என்கிறார்.

புது_வரவு_காத்திருப்பு:

பேட்சைக் கழற்றும்போது வலிக்குமா? அதை யாருமே சொல்லவில்லையே.

பேட்ச்_ஒத்துவரல:

வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, ஓரத்திலிருந்து மெதுவாக எடுக்கச் சொல்லுங்கள். என்னுடையதைச் சடாரென்று பிய்த்தார்கள். பிரசவ வலிக்கு நான் கத்தாத கத்து அதற்குக் கத்தினேன்.