லாகின் ஆகிறது, ஃபோல்டர் மட்டும் திறக்கவில்லை: எஃப்டிபி உதவி வேண்டும்

கேட்டவர் (ஜார்ஜ்டவுன்):
வணக்கம். பினாங்கு ஸ்ட்ரீட் பக்கம் சிறிய அச்சகம் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா அழைப்பிதழ்தான் பெரும்பாலும். டிசைனர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறார். ஒரு ஃபைலே 700, 800 எம்பி வரும். அதற்காகக் கடையின் விண்டோஸ் கணினியில், எஃப்டிபி முறையில் ஃபைல் அனுப்பி வாங்க உதவும் ஃபைல்ஸில்லா சர்வர் மென்பொருளைப் போட்டேன், டிஎல்எஸ் என்ற குறியாக்கப் பாதுகாப்போடு. ரவுட்டரில் 21ஆம் போர்ட்டை (இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசல்) அந்தக் கணினிக்குத் திருப்பிவிட்டேன். கடைக்குள் நன்றாக ஓடுகிறது. அவர் அங்கிருந்து வந்தால் பாஸ்வேர்டை ஏற்றுக்கொள்கிறது, அப்புறம் ஃபோல்டர் பட்டியல் வராமல் 20 விநாடி நின்று அறுந்துவிடுகிறது. தைப்பூச வேலை அப்படியே கிடக்கிறது. நேற்று பட்டர்வொர்த் பஸ்ஸில் பென்டிரைவைக் கொடுத்தனுப்பினார், நான் ஃபெரி ஏறிப் போய் வாங்கிவந்தேன். யாராவது வழி சொல்லுங்கள்.

பதில் (கிள்ளான்):
அண்ணா, 20ஆம் போர்ட்டையும் திறந்து பாருங்கள். எஃப்டிபிக்கு இரண்டும் வேண்டும் என்பார்கள்.

கேட்டவர்:
திறந்து பார்த்தேன் தம்பி. அதேதான்.

பதில் (செந்தூல்):
20 ஆக்டிவ் மோடுக்கு. அதில் சர்வரே டிசைனரின் கணினியைத் தேடிப் போகும், அவர் வீட்டு ரவுட்டர் தடுத்துவிடும். இப்போது பெரும்பாலும் பாசிவ் மோடில்தான் வருகிறார்கள், அதில் அவர் கணினிதான் சர்வரைத் தேடி வரும். அவர் மென்பொருளின் லாகில் (இணைப்புப் பதிவில்) 227 என்று தொடங்கும் வரியைக் கேட்டு வாங்கிப் போடுங்கள் அண்ணா.

கேட்டவர்:
227 வரியின் அடைப்புக்குறிக்குள் இருப்பது இது: 192,168,1,20,218,99. அதற்கு அடுத்த வரியில், சர்வர் தந்த முகவரிக்கு வெளியிலிருந்து வழியில்லை என்கிறது.

பதில் (செந்தூல்):
சிக்கல் முழுவதும் அந்த ஆறு எண்ணில் இருக்கிறது. எஃப்டிபியில் இணைப்பு இரண்டு. 21 வழியாகப் பேச்சு மட்டும். பட்டியலும் ஃபைலும் வேறொரு போர்ட் வழியாக வரும், எங்கே வரவேண்டும் என்பதை 227 சொல்கிறது. முதல் நான்கு எண் முகவரி. உங்கள் சர்வர் கடைக்குள் இருக்கும் முகவரியைச் சொல்கிறது, கோலாலம்பூரிலிருந்து அதற்கு யாராலும் வர முடியாது. கடைசி இரண்டு எண் போர்ட்: 218ஐ 256ஆல் பெருக்கி 99ஐக் கூட்டினால் 55907. டிசைனரின் மென்பொருள் முகவரியைத் தானே திருத்திக்கொண்டு வந்தாலும், ரவுட்டரில் 55907 மூடிக்கிடக்கிறது. அடுத்த முறை வேறு எண் வரும்.

சில ரவுட்டர்கள் இந்த வரியைப் படித்துத் தானே திருத்திவிடும். டிஎல்எஸ் இருந்தால் வரி குறியாக்கத்தில் மறைந்துவிடும், ரவுட்டருக்கு எதுவும் தெரியாது. அதற்காக டிஎல்எஸ்ஸை எடுத்துவிடாதீர்கள், பாஸ்வேர்ட் அப்படியே திறந்தபடி போகும்.

சர்வரின் பாசிவ் மோட் பக்கத்தில் போர்ட் வரம்பை 50000 முதல் 50100 வரை வையுங்கள். வெளி முகவரி கேட்கும் இடத்தில் உங்கள் பொது ஐபி (இணையத்தில் தெரியும் கடையின் முகவரி), அது அடிக்கடி மாறினால் டைனமிக் டிஎன்எஸ் பெயர் (மாறும் ஐபியைக் காட்டும் மாறாத பெயர்). ரவுட்டரில் அதே 101 போர்ட்டையும் அந்தக் கணினிக்குத் திருப்புங்கள். விண்டோஸ் ஃபயர்வாலை மொத்தமாக அணைக்க வேண்டாம்.

கேட்டவர்:
எல்லாம் செய்தேன். கடையிலிருந்தே பொது ஐபி போட்டுப் பார்த்தால் லாகின்கூட ஆகவில்லையே?

பதில் (செந்தூல்):
உள்ளிருந்து தன் வெளி முகவரிக்கே திரும்பி வருவதைப் பல ரவுட்டர்கள் விடாது. கைப்பேசி டேட்டாவில் ஹாட்ஸ்பாட் போட்டுச் சோதியுங்கள்.

கேட்டவர்:
ஹாட்ஸ்பாட்டில் பட்டியல் உடனே வந்தது! ஆனால் முன்பு ஓடிக்கொண்டிருந்த கவுண்டர் கணினி இப்போது நின்றுவிட்டது.

பதில் (செந்தூல்):
அதற்கும் சர்வர் இப்போது வெளி முகவரியைத்தான் சொல்கிறது. அதே பக்கத்தில், உள்ளூர் இணைப்புக்கு உள் முகவரியையே தரச் சொல்லும் தேர்வு இருக்கும். அதில் டிக் போடுங்கள்.

கேட்டவர்:
இரண்டும் ஓடுகின்றன. டிசைனரின் 780 எம்பி ஃபைல் இப்போதுதான் முழுதாக இறங்கியது, பிளேட்டுக்குக் கொடுத்துவிட்டேன். செந்தூல் தம்பிக்கு மனமார்ந்த நன்றி. கிள்ளான் தம்பிக்கும்தான், முதலில் பதில் போட்டது நீங்கள்.