தரங்கம்பாடிக் கூட்டத்தில் என்ன கேட்கலாம்?

உப்புக்காற்று:
ஊரின் பண்பாடு, வளர்ச்சி பற்றி மக்கள் கருத்து கேட்கப் போகிறார்களாம், அடுத்த வாரம் மறுபடியும் கூட்டம். போன தடவை போயிருந்தேன். 1620இல் டேனிஷ்காரர்கள் வந்தது, டான்ஸ்போர்க் கோட்டை, ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கின் அச்சுக்கூடம் என்று திரையில் படம் ஓடி முடியவே மதியமாகிவிட்டது, அப்புறம் ஆளுக்கொரு சாப்பாட்டுப் பொட்டலம், அவ்வளவுதான். கோட்டை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வருகிற கூட்டம் கோட்டையைச் சுற்றிவிட்டு, கரையில் செல்ஃபி எடுத்துவிட்டு, சாயங்காலமே காரைக்கால் பக்கம் கிளம்பிவிடுகிறது. ஊருக்கு மிஞ்சுவது ஐஸ்கிரீம் கப். இந்த முறை உருப்படியாக எதைக் கேட்கலாம்?

வலைக்காரன்:
முதலில் நேரத்தை மாற்றச் சொல்லுங்கள் அண்ணே. காலை பத்து மணிக்கு வைத்தால் எங்கள் பெண்கள் மீன் கூடையோடு பொறையாரில் இருப்பார்கள், கடலுக்குப் போய் வந்தவன் ஒன்று தூங்குவான், இல்லை வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருப்பான். பஞ்சாயத்தாரிடம் சொல்லி சாயங்காலம் ஏலக்கூடத்தில் வைக்கட்டும், ஒரு மைக் அறிவிப்பு போதும், சனம் வந்துவிடும்.
இன்னொன்று, மணல். சுனாமிக்குப் பிறகு 2005இல், கரையிலிருந்து 200 மீட்டருக்குள் புது வீட்டுக்கு அரசு உதவி கிடையாது என்றார்கள், எங்களில் நிறைய பேர் உள்ளே தள்ளிப் போனோம். அதே கரையில் பழைய பங்களா ஹோட்டலாக ஓடுகிறது. அது பழைய கட்டடம், விதி வேறு, தெரியும். ஆனால் நாங்கள் வலை காயப்போடுகிற, கருவாடு போடுகிற இடம் வரைபடத்தில் என்னவென்று இருக்கிறது? எழுத்தில் கேளுங்கள். நடைபாதை, அலங்கார விளக்கு என்று வந்தால் முதலில் பறிபோவது அந்த இடம்தான்.

மாயூரத்தான்:
மணல் விஷயம் சரி. அதற்காகச் சீரமைப்பு வேலையையே வெளியூர்க்காரன் சமாச்சாரம் என்று ஒதுக்காதீர்கள். கோல்ட்ஸ்மித் தெருவில், பழைய கட்டடங்களைக் காக்கிற இன்டாக் அமைப்பு சீராக்கிய வீடுகளைப் போய்த் தொட்டுப் பாருங்கள், சுண்ணாம்புப் பூச்சு. பழைய செங்கல் சுவரில் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உப்பு பூத்துப் பொரிந்து கொட்டும். அந்த வேலை தெரிந்த கொத்தனார் இன்று எங்கே கிடைக்கிறார்? ஊர்ப் பையன்களுக்குப் பயிற்சியும் கூலியும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும் என்று கேளுங்கள். அப்படியே 1980களில் நின்றுபோன மயிலாடுதுறை ரயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உப்புக்காற்று:
ரயிலை எடுத்தால் கூட்டம் அதிலேயே முடிந்துவிடும் சார், வேண்டாம். கொத்தனார் பயிற்சி நல்ல யோசனை, எழுதிக்கொண்டேன்.

வடகரை:
கடல் அரிப்பை ஒருத்தரும் பேசவில்லையே. பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பக்கத்தையே கடல் கொண்டுபோயிருக்கிறது. கோட்டையையும் கோயிலையும் காப்பாற்றக் கல் கொட்டுவது சரிதான், ஆனால் இந்தக் கடற்கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது, இங்கே தடுத்தால் அடுத்த ஊர்க்காரன் கரை கரையும். பக்கத்து ஊர்ப் பஞ்சாயத்தாரையும் கூப்பிடாமல் எந்த வரைபடத்துக்கும் தலையாட்டாதீர்கள்.

வலைக்காரன்:
சரியான பேச்சு. நேரம் மாறினால் இங்கேயே போடுங்கள் அண்ணே, நான் நாலு பேரைக் கூட்டி வருகிறேன்.