ஆர்கான் அயனி எல்ஐஎஃப் (லேசர் தூண்டும் ஃப்ளூரசன்ஸ் ஒளிர்வு): 668.6 நானோமீட்டரில் சிக்னலே இல்லை

ஆர்எஃப்_ஆய்வாளர்:
13.56 மெகாஹெர்ட்ஸ் ஐசிபி (சுருளில் ஓடும் ரேடியோ அதிர்வெண் மின்சாரத்தால் உண்டாகும் பிளாஸ்மா), 500 வாட், ஆர்கான் அழுத்தம் 20 மில்லிடார். 15 மில்லிவாட் டையோடு லேசரை 668.61 நானோமீட்டரில் வைத்து 10 கிகாஹெர்ட்ஸ் ஸ்வீப் செய்கிறேன். அயனி திருப்பி உமிழும் 442.6 நானோமீட்டர் ஒளிக்கு 1 நானோமீட்டர் அகல ஃபில்டர், பின்னால் பிஎம்டி (மங்கிய ஒளியை அளக்கும் குழாய்), லேசரை விட்டுவிட்டு மறைக்கும் சாப்பர், அதே தாளத்தில் வரும் சிக்னலை மட்டும் பிரித்தெடுக்கும் லாக்-இன். லாக்-இன் ஏதோ ஓர் அளவைக் காட்டுகிறது, ஆனால் ஸ்வீப் முழுக்க அது அசையவே இல்லை. எங்கே தேடுவது?

லாக்இன்_லோகம்:
அசையாத அளவு ஃப்ளூரசன்ஸ் ஆகாது. பிளாஸ்மாவை அணையுங்கள், அப்போதும் அந்த அளவு மாறாமல் இருந்தால் அது சுவரில் பட்டுச் சிதறும் லேசர் ஒளி. லேசரை மறைத்த பிறகும் இருந்தால் சாப்பர் மோட்டாரின் மின் இரைச்சல்.

அடுத்து, லேசரின் அலைநீளத்தை அளக்கும் வேவ்மீட்டர் எதைக் காட்டுகிறது? 668.614 என்பது வெற்றிட அலைநீளம். மீட்டர் காற்றுக்கு அமைக்கப்பட்டிருந்தால் 668.43 என்று வாசிக்க வேண்டும். இரண்டுக்கும் இடைவெளி ஏறக்குறைய 124 கிகாஹெர்ட்ஸ். 10 கிகாஹெர்ட்ஸ் ஸ்வீப்பில் கோடு எட்டிக்கூடப் பார்க்காது.

இது சரியென்றால் என் சந்தேகம் அழுத்தத்தின் மேல்தான். நீங்கள் பிடிப்பது 3d ஆற்றல் நிலையில் இருக்கும் மெட்டாஸ்டேபிள் (நீடித்து நிற்கும் கிளர்ச்சி நிலை) அயனியை. நியூட்ரல் (மின்னூட்டமற்ற) அணுக்கள் மோதி அதைக் காலி செய்துவிடும். 1–2 மில்லிடாருக்கு இறக்குங்கள்.

ஃபைபர்_பித்தன்:
பீமும் கலெக்‌ஷன் லென்ஸும் ஒரே புள்ளியைப் பார்க்கின்றனவா? பிஎம்டி பக்க ஃபைபரில் சிவப்பு ஒளியைப் பின்னோக்கிச் செலுத்தி, பீம் பாதையில் வைத்த காகிதத்தில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுகிறதா என்று பாருங்கள். இன்டர்ஃபெரன்ஸ் ஃபில்டர் வழியே ஒளி இணைகதிராகப் போகட்டும். சாய்ந்தால் பாஸ்பேண்ட் குறைந்த அலைநீளத்துக்கு நகரும்.

இன்னொரு வழி: லேசர் எட்டினால் நியூட்ரல் ஆர்கானின் 667.91-க்கு (வெற்றிடம்) ட்யூன் செய்து, 750.4 ஃபில்டர் போட்டுப் பாருங்கள். அது பெரிய சிக்னல். அதுவே வராவிட்டால் குறை ஆப்டிக்ஸில்.

ஆர்எஃப்_ஆய்வாளர்:
2 மில்லிடாரில் கோடு வந்துவிட்டது, நன்றி. அகலம் பாதி உயரத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ், கணக்குப்படி அயனி வெப்பநிலை 0.19 எலக்ட்ரான்வோல்ட். ஐசிபி அயனிக்கு இது அதிகமில்லையா?

லாக்இன்_லோகம்:
கணக்கு சரி: 0.1 எலக்ட்ரான்வோல்ட்டுக்கு 1.73 கிகாஹெர்ட்ஸ், வெப்பநிலை அகலத்தின் வர்க்கமாக ஏறும். ஆனால் அந்த அகலம் முழுதும் டாப்ளரா (அயனிகளின் வெப்ப அசைவால் வருவதா), இல்லை சாச்சுரேஷனா (லேசர் மிகுந்து கோடு அகல்வதா)? என்டி ஃபில்டர் (ஒளியை மட்டும் மங்கச் செய்வது) வைத்துப் பவரைப் பாதியாக்குங்கள். உச்சம் பாதியாகி அகலம் மாறாவிட்டால் சாச்சுரேஷன் இல்லை. அகலம் சுருங்கினால் இன்னும் குறைக்க வேண்டும், அல்லது பீமை விரிக்க வேண்டும்.

லாக்-இன் டைம் கான்ஸ்டன்ட் 1 நொடி என்றால் இந்த ஸ்வீப்புக்கு 100 நொடியாவது கொடுங்கள். வேகமாக ஓட்டினால் கோடு ஒரு பக்கம் இழுபட்டு, உச்சமும் தள்ளிப்போகும். உச்சத்தின் நகர்வுதான் அயனிகளின் ஓட்ட வேகத்தைக் காட்டும்; 1 கிலோமீட்டர்/நொடிக்கு 1.5 கிகாஹெர்ட்ஸ் என்பதால், இல்லாத ஓட்டத்தை அளந்ததாகிவிடும். இரு திசையிலும் ஸ்வீப் செய்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

உச்சத்தின் உயரத்தை அயனி அடர்த்தி என்று எழுதிவிடாதீர்கள். அதற்கு லாங்மியூர் புரோப் (பிளாஸ்மாவுக்குள் நுழைக்கும் மின்முனை) வேண்டும்.