மறு: மறு: சிகுங் – ‘உயிர்வளிப் பயிற்சி’ சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு,

மூச்சையும் உடலசைவையும் சேர்த்துச் செய்யும் சீனப் பயிற்சியான ‘சிகுங்’குக்குத் (‘சி’ என்றால் காற்று, மூச்சு, உயிராற்றல்) தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்டேன்; அந்த ஒரு சொல்லுக்கு நான்கு நாளில் இத்தனை மடல்கள் வரும் என்று நினைக்கவில்லை. முதல் மடலில் சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் தினமும் காலையில் சீனப் பாட்டிமார் கூடிச் செய்யும் பயிற்சி இது. இப்போது நம் தாத்தா பாட்டிகளும் சேர்ந்துகொள்கிறார்கள். அவர்களுக்கான துண்டறிக்கையைத் தமிழில் எழுதுவது என் வேலை. ஆகவே, சொன்னதும் புரியவேண்டும், தப்பாகப் புரியக்கூடாது.

> உயிர்வளிப் பயிற்சி என்றே வைத்துவிடலாம். கேட்கவும் அழகு.

அழகுதான் ஐயா. ஆனால் உயிர்வளி என்றால் பாடப்புத்தகத்தில் ஆக்சிஜன். மருத்துவமனையில் மூக்கில் குழாய் வைத்து ஏற்றுகிற சமாச்சாரம் என்று எங்கள் பாட்டிகள் பயந்துபோவார்கள்.

> அப்படியானால் வாயுப் பயிற்சி?

அம்மா, இதை நீங்கள் விளையாட்டாகத்தான் எழுதியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஓமத்திரவம் குடித்தால் தீர்கிற பிரச்சினைக்கு யார் காலையில் எழுந்து வருவார்கள்?

> ‘சி’யின் சீன எழுத்திலேயே விடை இருக்கிறது. மேலே ஆவி, கீழே அரிசி. ஆகவே ‘ஆவி’.

இந்த மடலைத்தான் இரண்டு முறை படித்தேன். இட்லிப் பானையில் எழுவதும் ஆவி, மூச்சும் ஆவி, பிரிந்தால் போவதும் ஆவி. சீனர் ‘சி’ என்ற ஒரே சொல்லில் அடக்கியதை நாம் ஆவி என்ற ஒரே சொல்லில் அடக்கியிருக்கிறோம். இதைவிட நெருக்கமான சொல் தமிழில் இல்லை என்றே சொல்வேன். (அரிசிக் கதையில் மட்டும் ஒரு திருத்தம். கி.பி. 100 வாக்கில் தொகுக்கப்பட்ட சீன எழுத்தகராதி, அரிசி சேர்ந்த வடிவத்துக்கு விருந்தினருக்குத் தானியம் அளிப்பது என்றே பொருள் சொல்கிறது. மேக ஆவியைக் குறித்தது அரிசி இல்லாத வடிவம். சீன அரசு எழுத்தை எளிமைப்படுத்தியபோது அரிசியை எடுத்துவிட்டதால் பழையதே திரும்ப வந்துவிட்டது.) ஆனாலும் துண்டறிக்கையில் ‘ஆவிப் பயிற்சி, காலை ஏழு மணிக்கு’ என்று போட முடியுமா? பாதிப் பேர் பேயோட்டுவதாக நினைப்பார்கள், மீதிப் பேர் பரிசுத்த ஆவி என்று எண்ணி ஜெபக்கூட்டமா என்று கேட்பார்கள்.

> சீனப் பிராணாயாமம் என்பதில் என்ன குறை? சித்தர்களின் மூச்சுப் பயிற்சியான வாசியோகம் என்றாலும் பொருந்துமே.

இங்கேதான் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பழைய நூல்களில் ‘சிகுங்’ என்ற சொல் அரிதாகக் கிடைத்தாலும், இந்தப் பயிற்சிகள் அனைத்துக்கும் பொதுப்பெயராக அது நிலைபெற்றது 1949க்குப் பிறகுதான். ஹெபெய் மாகாணத்தில் லியூ குய்சென் என்ற கம்யூனிஸ்ட் கட்சி ஊழியர் வயிற்றுப்புண்ணால் நொந்து, ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் பழைய பயிற்சியைக் கற்றுக் குணமடைந்ததாகச் சொன்னார். அதை மருத்துவமாக்க நினைத்த அதிகாரிகள் பெயர் தேடினார்கள். மந்திர, சமய வாடை வீசும் பெயர்களைத் தள்ளிவிட்டு இதை எடுத்தார்கள். ஆக நாம் நான்கு நாளாகச் செய்வதை அவர்களும் செய்திருக்கிறார்கள். இது ஒரு கலைச்சொல்லாக்கம். பிறகு தங்ஷானிலும் பெய்தாய்ஹேயிலும் இதற்கென்றே சிகிச்சை இல்லங்கள் எழுந்தன. சமயத்தை வேண்டுமென்றே உருவிவிட்டு வைத்த பெயருக்கு நாம் பிராணாயாமம், வாசி என்று பெயர்த்தால், அவர்கள் வாசலில் விட்டதை நாம் கொல்லைப்புறமாக உள்ளே கொண்டுவருகிறோம்.

பயிற்சி பழையது, பெயர் புதியது என்பதை மறக்கக்கூடாது. சாங்ஷா அருகே மவாங்துயியில் கி.மு. 168இல் மூடிய கல்லறையை 1973இல் திறந்தபோது, 44 பேர் வெவ்வேறு நிலையில் இருக்கும் பட்டோவியம் கிடைத்தது. அதைச் சிகுங் ஓவியம் என்று எழுதுகிறார்கள்; அது தவறு. அக்காலத்துச் சொல் ‘தாவ்யின்’. ‘யின்’ எழுத்தில் ஒரு வில் இருக்கிறது, நாணை இழுப்பது. நம் பழைய வழக்கில் வில்லை ‘வாங்குதல்’ என்போமே, அதேதான். ஆனால் இன்று வாங்குதல் என்றால் கடைக்குப் போய்விடுவார்கள். ‘செலுத்தி நீட்டல்’ என்று வைத்திருக்கிறேன், மேலானது இருந்தால் தாருங்கள். பழைய மூச்சை உமிழ்ந்து புதியதைக் கொள்ளும் ‘துநா’ என்ற பழைய முறைக்கு ‘உமிழ்மூச்சு–கொள்மூச்சு’.

> சரி, ‘குங்’ என்றால் வெறும் பயிற்சிதானா?

குங்ஃபூவில் இருக்கும் அதே குங். வேலை என்ற எழுத்தும் வலிமை என்ற எழுத்தும் சேர்ந்தது. நாள்தோறும் செய்துசெய்து கைவந்த திறன். ‘சித்திரமும் கைப்பழக்கம்’ என்று ஔவை சொன்ன பழக்கம். பாட்டுக்காரர்கள் சொல்லும் ‘சாதகம்’ அப்படியே பொருந்துகிறது. வளிச் சாதகம் என்று எழுதிப் பார்த்தேன், காற்றுக்கு யாரோ கட்டம் போட்டுப் பலன் பார்ப்பதுபோல் இருந்தது. விட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். லியூ குய்சென் தாமே விளக்கியபோது, ‘சி’ என்பது இங்கே மூச்சு, ‘குங்’ என்பது மூச்சையும் நிலையையும் சீராக்கும் இடைவிடாப் பயிற்சி என்றார். அந்தக் கணக்கில், தொடக்கத்தில் ஒருவர் சொன்ன ‘மூச்சுப் பயிற்சி’தான் வெல்லவேண்டும். ஆனால் சொல் அவர் கையைவிட்டுப் போய்விட்டது. 1980களில் சீனமே சிகுங் காய்ச்சலில் கிடந்தது; உள்ளங்கையிலிருந்து ‘வெளிச் சி’ பாய்ச்சி நோய் தீர்ப்பதாகச் சொன்னவர்கள் பெருகினார்கள். 1999இல் சிகுங்கோடு சமயக் கருத்துகளைக் கலந்த பாலுன் குங் இயக்கம் தடைசெய்யப்பட்டபின் அரசு கடிவாளத்தை இறுக்கியது. இன்று கீழ்த்தளத்தில் நடப்பது பெரும்பாலும் அரசு ஒழுங்குபடுத்திய தொகுப்புகள்தான். அதில் உடலசைவே முன்னால் நிற்கிறது, மூச்சு அதனோடு போகிறது. மூச்சுப் பயிற்சி என்று படித்துவிட்டு நாற்காலியில் உட்கார வந்தவர்கள் ஏமாந்துபோவார்கள்.

ஆகவே என் முடிவு: தலைச்சொல் ‘சிகுங்’. நெடிலாக வேண்டாம், ‘சீ’ என்று தொடங்கினால் முகம் சுளிப்பார்கள். விளக்கச்சொல் ‘வளிப்பயில்வு’. வளிமண்டலத்திலும் வளி இருக்கிறது, ‘வளிமுதலா எண்ணிய மூன்று’ என்று குறள் சொல்லும் உடம்பிலும் வளி இருக்கிறது. வானிலை, காற்று, கோபம் எல்லாவற்றிலும் ‘சி’யைச் சேர்த்துப் பேசும் சீனருக்கு ஈடாக நம்மிடம் இருக்கும் சமயச்சார்பில்லாத சொல் அதுதான்.

சிகுங்கின் மூன்று கூறுகளுக்கு: உடல் இசைவு, மூச்சு இசைவு, நெஞ்ச இசைவு. சீனத்தில் இம்மூன்றின் பெயரிலும் வரும் வினை வாத்தியத்துக்குச் சுருதி கூட்டுவதற்கும் வரும் என்பதால் ‘இசைவு’. மூன்றாவதை மனம் என்று எழுதாதீர்கள். சீனரின் ‘ஷின்’ இதயமும் மனமும் சேர்ந்தது, நமக்கு ‘நெஞ்சு’ இருக்கும்போது ஏன் பிரிக்கவேண்டும்? கொப்பூழுக்குக் கீழே கவனத்தை நிறுத்தும் ‘தந்தியென்’னுக்குச் சாதிலிங்க (சிவப்புப் பாதரசத் தாது) வயல் என்று நேராகப் பெயர்த்தால் கதை கந்தல். ‘தன்’ என்றால் சிவப்பும் ஆகும், அதனால் ‘செவ்வயல்’.

மிச்சமிருப்பது ‘பாதுவான்சின்’ என்ற எட்டு அசைவுத் தொகுப்பின் பெயர். எட்டுத் துண்டுச் சரிகைப்பட்டு. இரு கையால் வானைத் தாங்குவது முதல் துண்டு, பருந்தைக் குறிவைத்து வில்லை வளைப்பது இரண்டாவது. ‘எண்பட்டு’ என்று எழுதினேன், சரிபார்ப்பவர் ‘எண்பது’ என்று திருத்தி அனுப்பிவிட்டார். துண்டறிக்கை வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் யாராவது வேறு சொல் தந்தால் புண்ணியமாகப் போகும்.