ஜப்பானிய எண்கள்: பத்தாயிரம் தாண்டினால் காது அடைத்துவிடுகிறது, வழி சொல்லுங்கள்

ஒசாகாவுக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது, டிசம்பரில் என்5 தேர்வு (ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் தொடக்க நிலை). படித்தால் எண்கள் புரிகின்றன, காதால் கேட்டால் பத்தாயிரத்துக்கு மேல் எல்லாம் குழம்பிவிடுகிறது.

அமைப்பு தெரியாமல் இல்லை. ஜூ இச்சி என்றால் 11, நி ஜூ என்றால் 20, நம் பதினொன்று, இருபது போலத்தான், சொல்லப்போனால் நம்முடையதை விட ஒழுங்கு. ஆனால் அவர்களுக்கு 10,000 என்பதே தனி அலகு, 'மான்'. நம் ஒரு லட்சம் அங்கே பத்து மான், ஒரு கோடி ஆயிரம் மான். போன வாரம் வீட்டுத் தரகர் முன்பணம் 'ஜூநி மான் ஹஸ்ஸென்' என்றார், நான் தலையாட்டிக்கொண்டே 12,800 என்று எழுதினேன். அவர் சொன்னது 12 மானும் 8,000-மும் (ஹஸ்ஸென்), அதாவது 1,28,000 யென்!

போதாததற்கு ஒலி வேறு மாறுகிறது: 100 ஹ்யாக்கு, 300 சாம்ப்யாக்கு, 600 ரொப்யாக்கு, 800 ஹப்யாக்கு. இதையாவது மனப்பாடம் செய்துவிட்டேன்.

அட்டை எழுதிப் பார்த்தேன், செயலியில் தினமும் அரை மணி நேரம் கேட்கிறேன், கடை ரசீதுகளைச் சத்தமாக வாசிக்கிறேன். வாசிப்பு வேகமானது, கேட்பது அப்படியே நிற்கிறது. காதில் விழுவதை லட்சத்துக்கு மாற்றி முடிப்பதற்குள் அடுத்த வாக்கியம் போய்விடுகிறது, அதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன்.

இந்தக் கட்டத்தைத் தாண்டியவர்கள், லட்சத்துக்கு மாற்றாமல் நேரடியாக மானிலேயே யோசிக்க எப்படிப் பழகினீர்கள்?