டெய்ம்லர் ஃபெரெட் மார்க் 1: பிரேக் பெடல் தரையோடு போகிறது, கியர் பெடல் உதைக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

கொட்டகைக்காரன்:

வணக்கம். இங்கிலாந்தில், பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய கவச வண்டியான, கூரையில்லாத ஃபெரெட் மார்க் 1 ஒன்று கைக்கு வந்திருக்கிறது. பன்னிரண்டு வருடம் கொட்டகையில் நின்ற வண்டி. ரோல்ஸ்ராய்ஸ் பி60 எஞ்சினைக் கையால் சுற்றினால் சுற்றுகிறது, இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை. நிலைமை இதுதான்:

பிரேக் பெடல் எதிர்ப்பே இல்லாமல் தரைவரை போகிறது. பிரேக் ஆயில் டேங்குக்குள் அடியில் பழுப்பாக ஏதோ கொஞ்சம் கிடக்கிறது, என்ன ஆயில் என்று தெரியவில்லை. கியர் பெடலை மிதித்து விட்டபோது ஒருமுறை வழக்கத்தைவிட மேலே எகிறி நின்றுவிட்டது. திரும்ப இறக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. டயர்கள் 9.00-16 ரன்ஃப்ளாட் (காற்று போனாலும் ஓடும் வகை). இடது முன் டயரில் பட்டன் நன்றாக இருக்கிறது, இடது பின் டயர் பாதி தேய்ந்தது.

எஞ்சினை ஓடவைத்துவிட்டு, 6 கிலோமீட்டர் தார்ச்சாலையில் ஓட்டி வேறு கொட்டகைக்குக் கொண்டுபோக எண்ணம். எது முதலில், எது பிறகு?

பெவல்பெட்டி:

6 கிலோமீட்டர் ஓட்டும் எண்ணத்தை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். எஞ்சினைவிட முதலில் பார்க்க வேண்டியது டயர்.

ஃபெரெட்டின் ஓட்டம் எச் வடிவம். நடுவில் ஒரே ஒரு டிஃபரென்ஷியல், அதாவது இரண்டு பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் அமைப்பு. அதிலிருந்து சக்தி இடம், வலம் என்று பிரிகிறது. பிறகு அந்தந்தப் பக்கத்தில் நீளத் தண்டு, பெவல் பெட்டி (சுழற்சியைச் சக்கரத்தின் பக்கம் திருப்பும் சாய்பல் கியர் பெட்டி) வழியாக முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் போகிறது. அதாவது ஒரே பக்கத்து முன், பின் சக்கரங்கள் இரும்பால் கட்டிப்போட்டது போலச் சேர்ந்துதான் சுற்றும். அவற்றுக்கு இடையில் விட்டுக்கொடுக்க எதுவும் கிடையாது. ஒரு டயர் பெரியதாகவும் மற்றது சிறியதாகவும் இருந்தால், அந்த வித்தியாசம் தண்டில் முறுக்காக ஏறும். மண்ணிலும் புல்லிலும் டயர் வழுக்கி முறுக்கு கழன்றுவிடும். தார்ச்சாலையில் கழலாது. பெவல் பெட்டியின் பல் உடைவது பெரும்பாலும் இப்படித்தான்.

நான்கு டயரிலும் காற்றைச் சமமாக்கிவிட்டு, பட்டனின் நடுவில் நாடா சுற்றிச் சுற்றளவை எடுத்து எழுதுங்கள். ஸ்டெப்னியையும் விடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. வண்டி முறுக்கோடு நின்றிருந்தால், ஜாக்கி போட்டு ஒரு சக்கரத்தைத் தூக்கும் நொடியில் அது தானாகச் சட்டென்று சுற்றும். கையோ காலோ அருகில் இருக்கக்கூடாது.

நிதானம்:

சக்கரத்தைத் தொடுவதற்கு முன் இதைப் படியுங்கள், உயிர் போகிற விஷயம். ரிம் இரண்டு பாதிகளால் ஆனது, அவற்றை ஒன்றாகப் பிடித்திருப்பது ஒரு வரிசை நட்டு. சக்கரத்தை ஹப்போடு பிடித்திருப்பது வேறு வரிசை நட்டு. டயரில் காற்று இருக்கும்போது முதல் வரிசையைக் கழற்றினால், கடைசிச் சில நட்டுகள் தாங்காமல் ரிம் பாதி வெடித்துப் பறக்கும். எதிரில் இருப்பவர் பிழைக்க மாட்டார்.

எந்த நட்டு எது என்பதில் சந்தேகமே இல்லை என்றாலும், ஸ்பானரை எடுக்கும் முன் வால்வின் உள் ஊசியைக் கழற்றிவிடுங்கள். 'புஸ்' சத்தம் நின்ற பிறகு, அந்த ஓட்டையில் மெல்லிய கம்பி விட்டு அடைப்பு இல்லை என்று பாருங்கள். பழைய வால்வில் துரு அடைத்துக்கொண்டு, காற்று தீர்ந்துவிட்டது போலக் காட்டும்.

ரன்ஃப்ளாட் டயரின் பக்கச்சுவர் மிகத் தடிமன், காற்றே இல்லாவிட்டாலும் டயர் வீங்கி நிற்கும். பார்வையை வைத்து முடிவு செய்யாதீர்கள். கனமும் சாதாரண லாரிச் சக்கரம் போல இராது. ஒருவராகத் தூக்கப் பார்க்காமல் அடியில் பலகை கொடுத்து நெம்பி நகர்த்துங்கள்.

வண்டி நான்கு டன்னை ஒட்டிய எடை. கவசத் தகட்டின் அடியில் கனமான மரக்கட்டை அடுக்கி நிறுத்திய பிறகுதான் கீழே போக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு விரலைக்கூட உள்ளே விடாதீர்கள்.

மாஸ்டர்சிலிண்டர்:

பிரேக்குக்கு வருகிறேன். பழைய பிரிட்டிஷ் ராணுவ வண்டிகளில் சில மினரல் ஆயிலில் ஓடும், சில கிளைக்கால் வகைப் பிரேக் ஆயிலில். இரண்டுக்கும் ரப்பர் வேறு. மினரல் ஆயிலுக்கு நைட்ரைல், கிளைக்காலுக்கு இயற்கை ரப்பர் அல்லது இபிடிஎம் என்ற செயற்கை ரப்பர். இயற்கை ரப்பரில் மினரல் ஆயில் பட்டால் வீங்கிக் குழைந்துவிடும், பிஸ்டன் திரும்பி வராது. வண்டி கைமாறும்போது யார் எதை ஊற்றினார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

டேங்கில் இருப்பதைச் சொட்டு மருந்துக் குழாயால் எடுத்து, கண்ணாடி டம்ளரில் பாதித் தண்ணீரில் விட்டுக் கலக்குங்கள். கலந்து காணாமல் போனால் கிளைக்கால். மேலே மிதந்தால் மினரல் ஆயில் அல்லது சிலிகான். ஊதா நிறம் இருந்தால் சிலிகானாக இருக்கலாம், ஆனால் சாயம் காலப்போக்கில் மங்கிவிடும்.

இருந்தாலும் அதை நம்பி டேங்கை நிரப்பிவிட வேண்டாம். பன்னிரண்டு வருடம் நின்ற வண்டியில் மாஸ்டர் சிலிண்டர், நான்கு சக்கரத்துச் சிலிண்டர்கள், வளையும் ஹோஸ்கள் எல்லாவற்றையும் இறக்கித்தான் ஆக வேண்டும். சிலிண்டர் உட்சுவரில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். குழியில் நகம் தடுக்கினால் ஹோனிங் (உட்சுவரைத் தேய்த்து மழமழப்பாக்குவது) போதாது, எஃகு ஸ்லீவ் போடக் கொடுங்கள். பெடல் இறங்கும் காரணம் பெரும்பாலும் இந்தக் குழிதான். இரும்புக் குழாய்களைப் பழைய ஆயில் துளியும் இல்லாமல் ஸ்பிரிட் விட்டுக் கழுவி ஊதிக் காயவையுங்கள். பிறகு ஒரே வகை ரப்பர், அதற்கேற்ற ஆயில், மூடியின்மேல் என்ன ஆயில் என்று பெயின்டில் எழுத்து. அடுத்து வருபவர் தப்பாக ஊற்றாமல் இருக்க வேறு வழியில்லை.

டிரம்மைத் திறக்கும்போது தூசியைக் காற்றால் ஊதாதீர்கள். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிவிடுங்கள். டேஷ்போர்டு மீட்டர்களின் கண்ணாடியையும் பிரிக்க வேண்டாம், பழைய ஒளிரும் முட்களில் ரேடியம் பூச்சு இருக்கலாம்.

பெவல்பெட்டி:

கியர் பெடல் பற்றி. இது வில்சன் வகை, முன்கூட்டியே கியரைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து கியர் பெட்டி. கிளட்ச் கிடையாது, அந்த வேலையை ஆயில் வழியாகச் சக்தியைக் கடத்தும் ஃப்ளூயிட் ஃப்ளைவீல் பார்க்கிறது. நெம்புகோலை நகர்த்துவது வெறும் தேர்வுதான். கியர் மாறுவது பெடலை மிதித்து விடும்போது. முழுதாக மிதிக்காவிட்டாலோ, பாதியில் நெம்புகோல் நகர்ந்தாலோ உள்ளே இருக்கும் பலமான ஸ்பிரிங் பெடலை மேலே உதைக்கும். நீங்கள் பார்த்தது அதுதான். முதுகைச் சீட்டில் நன்றாக அழுத்தி, முழுப் பாதத்தால் ஒரே மூச்சாகத் தரைவரை மிதித்தால் இறங்கிவிடும். கட்டைவிரலால் தட்டிப் பார்க்காதீர்கள், கணுக்கால் போய்விடும்.

இந்தப் பெட்டியில் ஒவ்வொரு கியரையும் இறுக்கிப் பிடிப்பது ஒரு பட்டை. நீண்ட நாள் நின்ற பெட்டியில் அந்தப் பட்டைகளின் தானியங்கி அட்ஜஸ்டர் பின்தங்கியிருக்கும். எஞ்சினை நிறுத்திய நிலையில், ஒவ்வொரு கியராகத் தேர்ந்தெடுத்து 15, 20 தடவை முழுதாக மிதித்து விடுங்கள். பெடல் உயரம் எல்லாக் கியரிலும் ஒன்றுபோல வரவேண்டும். ஒரு கியரில் மட்டும் வரவில்லை என்றால் அந்தப் பட்டைதான் தேய்ந்தது. கிளட்ச் போல நினைத்துப் பெடலைப் பாதியில் பிடித்து ஓட்டினாலும் பட்டை எரிந்துவிடும். ஃபார்வேர்டு ரிவர்ஸ் நெம்புகோலை வண்டி முழுதாக நின்ற பிறகே தொடுங்கள்.

ஆயில் பார்க்க வேண்டிய இடங்கள் நிறைய: எஞ்சின், ஃப்ளூயிட் ஃப்ளைவீல், கியர் பெட்டி, டிரான்ஸ்ஃபர் பெட்டி, நான்கு பெவல் பெட்டி, நான்கு ஹப். ஒவ்வொன்றிலும் முதலில் மேலே நிரப்பும் பிளக் கழல்கிறதா பாருங்கள், பிறகுதான் கீழ்ப் பிளக். இல்லையென்றால் ஆயிலை வடித்துவிட்டு நிரப்ப வழியில்லாமல் நிற்பீர்கள். வடிவது மோர் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர், சீல் போய்விட்டது. ஃப்ளைவீலை விளிம்புவரை நிரப்பாதீர்கள், சூட்டில் ஆயில் விரிய இடம் வேண்டும்.

கொட்டகைக்காரன்:

நன்றி. அளந்துவிட்டேன். இடது முன் 2.81 மீட்டர், இடது பின் 2.76. வலது முன் 2.80, வலது பின் 2.76. தண்ணீர்ச் சோதனையில் மேலே மிதக்கிறது, ஊதா நிறம் இல்லை. புது டயர் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பெவல்பெட்டி:

இப்போதைக்கு வேண்டாம். கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோமீட்டரில் 2.81 டயர் சுமார் 356 சுற்று, 2.76 டயர் சுமார் 362 சுற்று. ஆறு சுற்றுக்கு மேல் வித்தியாசம். ஆறு கிலோமீட்டரில் ஏறக்குறைய 39 சுற்று. அத்தனையையும் டயர் தேய்ந்து தீர்க்க வேண்டும், இல்லையேல் தண்டு தாங்க வேண்டும்.

இடது பின்சக்கரத்தையும் வலது முன்சக்கரத்தையும் இடம் மாற்றுங்கள். இடப்பக்கம் 2.81, 2.80. வலப்பக்கம் இரண்டும் 2.76. இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நடு டிஃபரென்ஷியல் பார்த்துக்கொள்ளும், அது அந்த வேலைக்குத்தான் இருக்கிறது.

நிதானம்:

எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன் இரண்டு. பி60-இல் இன்லெட் வால்வ் ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வ் பிளாக்கில். நின்ற எஞ்சினில் எக்ஸாஸ்ட் வால்வ் வழிகுழாயில் பிடித்துக்கொண்டு திறந்தபடியே நிற்கும். டேப்பெட் மூடியைக் கழற்றி, ஒருவர் எஞ்சினைக் கையால் சுற்ற, ஆறும் ஏறி இறங்குகிறதா என்று கண்ணால் பாருங்கள். அசையாமல் நிற்கும் வால்வுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள்.

அடுத்தது பெட்ரோல். கவச உடல் ஒரு தொட்டி. கசியும் பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனம், தரையிலேயே தங்கும். 2021 முதல் இங்கே சாதாரண பெட்ரோல் இ10 (பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது), அதன் எத்தனால் பழைய பம்ப் டயாஃப்ரத்தையும் ஹோஸையும் தின்றுவிடும். புதியவை போட்டு, உடலின் அடி வடிகால் பிளக்குகளைத் திறந்து காற்றோட்டம் கொடுத்த பிறகே 24 வோல்ட் பேட்டரியை இணையுங்கள். ஸ்டார்ட் செய்யும்போது கியர் நியூட்ரலில் இருக்கட்டும், சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஃப்ளூயிட் ஃப்ளைவீல் இருப்பதால் கியரில் இருந்தால் ஐட்லிங்கிலேயே வண்டி ஊர்ந்துவிடும்.

மாஸ்டர்சிலிண்டர்:

மிதக்கிறது, ஊதா இல்லை என்றால் மினரல் ஆயிலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் உள்ளே இருக்கும் ரப்பர் அதற்கானதா என்பது வேறு கேள்வி. கழற்றிய ரப்பர் கிண்ணங்களைப் புதியதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விளிம்பு தடித்து வீங்கியிருந்தால் யாரோ தவறாக ஊற்றியிருக்கிறார்கள், அப்படியானால் ஒரு கிண்ணத்தையும் மிச்சம் வைக்காதீர்கள். எல்லாம் முடிந்து முதல் ஓட்டம் புல்தரையில் இரண்டு கிலோமீட்டர் போதும். இறங்கியதும் நான்கு ஹப், நான்கு பெவல் பெட்டி, நான்கு டிரம் எல்லாவற்றின் மேலும் புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். தன் ஜோடியைவிட ஒன்று அதிகமாகச் சுட்டால் அதை அன்றே திறக்க வேண்டும்.