செட்லர்ல (கலக்கினதைப் பிரிய விடுற தொட்டி) லேயர் பிரியவே மாட்டேங்குது, கோபால்ட்டும் முழுசா ஏறல

ராணிப்பேட்டை பக்கம் சின்ன யூனிட் நம்முளது. பழைய லித்தியம் பேட்டரி பவுடரை சல்ஃப்யூரிக் ஆசிட்ல கரைச்சு, இரும்பு அலுமினியம் மாங்கனீஸ் எல்லாம் எடுத்துட்டு, சயனெக்ஸ் 272 (கோபால்ட்டைப் பிடிச்சுக்கிற, தண்ணியில கலக்காத எண்ணெய் மாதிரி ஆசிட்) வெச்சு கோபால்ட்டைத் தூக்குறோம், நிக்கல் தண்ணியிலயே நிக்கணும். லிட்டருக்கு கோபால்ட் 6 கிராம், நிக்கல் 20. ஆர்கானிக்ல (மேல நிக்கிற எண்ணெய் லேயர்) சயனெக்ஸ் 10 சதம் மிச்சம் கெரசின், காஸ்டிக் போட்டு அந்த சயனெக்ஸை 60 சதம் சோப்பாக்கிட்டு (சோடியம் உப்பா மாத்திட்டு) ஆர்கானிக், கரைசல் ரெண்டையும் சமபங்கு ஊத்துறோம். ஃபீட் (உள்ள விடுற கரைசல்) பிஹெச் 5.2 தான். இந்த மார்கழிக் குளிர்ல காலையில கலக்கினா பிரிய 20 நிமிஷம் ஆவுது, மத்தியானம் 8 நிமிஷம். நடுவுல விரல் தண்டிக்கு கருப்பா ஒரு படை வேற. ராஃபினேட்ல (பிரிஞ்சு வர்ற கீழ்த் தண்ணி) கோபால்ட் லிட்டருக்கு 1.5 கிராம் அப்படியே கீது. இன்னா பண்றதுண்ணா?

காட்பாடி சார்: ஃபீட் பிஹெச் பாத்து என்னாவப் போவுது தம்பி, கலக்கி முடிச்சப்பறம் கீழ் லேயர்ல பாருங்க. ஒவ்வொரு கோபால்ட்டும் ஏறும்போது ரெண்டு ஹைட்ரஜனை வெளிய தள்ளும். உங்க 10 சதம் ஏறக்குறைய 0.27 மோலார், அதுல 60 சதம்னா 0.16, அது 4.7 கிராம் கோபால்ட்டுக்குத்தான் போதும். கணக்கு உங்க ராஃபினேட்டோட ஒத்துப் போவுதா? ஆர்கானிக்கை ரெண்டு பங்காக்கி சோப்பை 40 சதமா குறைங்க. காஸ்டிக்கை மட்டும் ஏத்தினா நிக்கலும் கூடவே ஏறிக்கும், அப்பறம் ஸ்க்ரப் பண்ணியே (ஆர்கானிக்கைக் கழுவி நிக்கலை எடுத்தே) சாவணும்.

வாலாஜா: டிபிபி (ட்ரைபியூட்டைல் பாஸ்பேட், லேயர் பிரிய உதவுறது) போட்டியாப்பா? 5 சதம் போடு. கலக்கறப்ப 45, 50 டிகிரி வை, பிரியறதும் வேகம், கோபால்ட்டும் நல்லா ஏறும். கெரசின் இருக்கு, அடுப்பு கிடுப்பு பக்கத்துல கொண்டு போவாத, ஃபீடை வெந்நீர் ஜாக்கெட்ல சுட வெச்சு விடு. அந்த கருப்பை கெரசின்ல கழுவி ஃபில்டர் பேப்பர்ல ஊத்திப் பாரு, கையில தேச்சா பென்சில் மாதிரி பளபளன்னு ஒட்டுனா கிராஃபைட்டு.

கேட்டவர்: அண்ணா கிராஃபைட்டேதான், கை ஃபுல்லா பென்சில் கருப்பு. ஃபில்டர் பிரஸ்ல ஒரு துணி ஓரத்துல கிழிஞ்சிருக்கு, எத்தனை நாளா போச்சோ தெரியல. துணி மாத்தி, டிபிபி போட்டு, 48 டிகிரியில ஓட்டினோம், 3 நிமிஷத்துல பிரிஞ்சிடுச்சு. சார் சொன்ன மாதிரி ஆர்கானிக் ரெண்டுக்கு தண்ணி ஒண்ணு வெச்சதுல ராஃபினேட் கோபால்ட் 0.2 கிராம். கலக்கினப்பறம் பிஹெச் 5.4.

காட்பாடி சார்: அந்த 0.2-க்கு இன்னொரு ஸ்டேஜ் (திரும்ப ஒரு தடவை கலக்கிப் பிரிக்கிறது) வைங்க. பழைய படையை கீழ கொட்டிடாதீங்க, அதுல உங்க ஆர்கானிக் மாட்டிக்கிட்டு இருக்கும்.